பதினைந்து யென் ஐம்பது சென்

டோக்கியோவுக்கு வந்த புதிதில், நான் பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, படிப்பைப் பாதியில் விட்டவன் என்று ஆறு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜப்பானிய மொழியில் பல்கலைக்கழகத்துக்கு ‘தைகாகு’ என்று பெயர். அதன் முதல் ஒலி நம் ‘பந்து’வில் வரும் ‘து’வைப் போல மென்மையாக இருக்க வேண்டும். ‘தண்ணீர்’ என்று தொடங்குகிற மாதிரி தொடங்கினால் அதே சொல் படிப்பைக் கைவிடுவதைக் குறிக்கும். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் தமிழ் வழியில் படித்த எனக்கு, சொல்லின் தொடக்கத்தில் அந்த மென்மை தானாக வராது. நினைத்து நினைத்துச் சொல்ல வேண்டும். அவசரத்தில் மறுபடியும் படிப்பை விட்டுவிடுவேன்.

எதோகாவா வட்டத்தின் சமூகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் இலவச மொழி வகுப்பு நடக்கும். எழுபதைத் தாண்டிய ஒரு சென்செய் எங்களுக்குப் பாடம் எடுத்தார். இரண்டு நேப்பாளிகள், ஒரு வியட்நாம் பையன், நான், அப்புறம் கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண். அந்தப் பெண்ணின் ஜப்பானியம் என்னுடையதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் இருவரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தோம். ‘க’வும் ‘ஜ’வும் ‘த’வும் சொல்லுக்கு நடுவில் இருந்தால் எங்களுக்குச் சிக்கல் இல்லை, தொடக்கத்தில் வந்தால் கடினமாகிவிடும். சென்செய் சிரித்துக்கொண்டே, “நீங்கள் இரண்டு பேரும் சொந்தக்காரர்களா?” என்று கேட்டார். கொரிய மொழியிலும் தமிழைப் போலவே இந்த மெய்கள் சொல்லின் முதலில் வலிந்தும் இரண்டு உயிர்களுக்கு நடுவில் மெலிந்தும் ஒலிக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சிரிப்பு 2023 செப்டம்பரில் ஷிபுயாவில் ஒரு சிறிய திரையரங்கில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. பார்த்த படம் ‘ஃபுகுதாமுரா ஜிகென்’, அதாவது ஃபுகுதா கிராமச் சம்பவம். வெளிநாடுகளில் ‘செப்டம்பர் 1923’ என்ற பெயரில் போனது.

1923 செப்டம்பரின் முதல் நாள், பகல் 11 மணி 58 நிமிடத்துக்கு, கந்தோ சமவெளியை 7.9 அளவில் நிலநடுக்கம் தாக்கியது. மதியச் சமையலுக்காக வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். டோக்கியோவும் யோகோஹாமாவும் தீயில் போயின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஏறக்குறைய 1,05,000 பேர். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது, அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைய. அன்று மாலையே வதந்தி கிளம்பிவிட்டது: கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள், வீடுகளுக்குத் தீ வைக்கிறார்கள், கூட்டமாகத் திரண்டு வருகிறார்கள். மறுநாள் ராணுவச் சட்டம் வந்தது. 3ஆம் தேதி ஃபுனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து உள்துறை அமைச்சகமே அந்த வதந்தியை உண்மைச் செய்தியாக நாடெங்கும் அனுப்பியது. ஊருக்கு ஊர் காவல் குழுக்கள் முளைத்தன. மூங்கில் ஈட்டி, தீயணைப்புக் கொக்கி, வேட்டைத் துப்பாக்கி, தாத்தா காலத்து வாள் என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு சாலைகளை மறித்தார்கள்.

மறிக்கப்பட்டவனை எப்படிச் சோதிப்பது? முகத்தைப் பார்த்து ஜப்பானியர், கொரியர் என்று பிரிக்க முடியாது. அதனால் நாக்கைச் சோதித்தார்கள். ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்று சொல்லச் சொன்னார்கள். ஜப்பானியத்தில் அது ‘ஜூகோஎன் கொஜிஸ்ஸென்’. முதல் சொல்லின் ‘ஜூ’ மென்மையாக வர வேண்டும், இரண்டாவது சொல்லின் ‘கொ’ நம் ‘தங்கம்’ என்பதில் உள்ள ‘க’ மாதிரி வர வேண்டும். ‘சூகோஎன்’ என்றோ, ‘கொக்கு’வின் ‘கொ’ போட்டோ சொன்னவன் தீர்ந்தான். கவிஞர் ஷிகெஜி த்சுபோய், ரயிலில் ஏறிய ஒரு சிப்பாய் தொழிலாளி ஒருவரைப் பிடித்து இந்தத் தொகையைச் சொல்லச் சொன்னதை நேரில் பார்த்தவர். கால் நூற்றாண்டு கழித்து அதையே நீண்ட கவிதையாக எழுதினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘கொஜிஸ்ஸென்’ என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதைப் படித்தபோது உங்கள் வாயில் எந்த ‘கொ’ வந்தது? அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக் காட்ட நம் எழுத்தில் வழியே இல்லை. அந்தச் சோதனையில் என் நாக்கு மட்டுமல்ல, என் நெடுங்கணக்கும் தோற்றிருக்கும். இலங்கைத் தமிழ் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1983இல் தெருக்களில் நின்ற கும்பல்கள், வாளிக்குச் சிங்களத்தில் உள்ள ‘பால்திய’ என்ற சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்த கதை அவர்கள் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அந்தச் சொல்லிலும் சிக்கல் முதல் எழுத்தில்தான்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

ஃபுகுதா கிராமம் சிபா மாகாணத்தில் தொனே ஆற்றங்கரையில் இருந்தது. இன்று அது நோதா நகரத்தின் ஒரு பகுதி. சோயா சாஸுக்குப் பேர்போன ஊர். நிலநடுக்கம் நடந்து ஆறாம் நாள், 1923 செப்டம்பர் 6, ஷிகோகு தீவின் ககாவா மாகாணத்திலிருந்து மருந்து விற்க வந்த 15 பேர் அங்கே ஆற்றைக் கடக்கக் காத்திருந்தார்கள். மார்ச்சில் சொந்த ஊரை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராக விற்றுக்கொண்டு கிழக்கே வந்தவர்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு. அவர்கள் பேச்சு அந்த வட்டாரத்து ஆட்களுக்குப் புரியவில்லை. “இவர்கள் பேசுவது ஜப்பானியம்தானா?” என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் கூடியது. வியாபார உரிமச் சீட்டைக் காட்டினார்கள், கள்ளச் சீட்டாக இருக்கும் என்றார்கள். எழுத்து வரிசையை ஒப்பிக்கச் சொன்னார்கள், தேசிய கீதம் பாடச் சொன்னார்கள். உரிமத்தைச் சரிபார்க்கக் காவலர் ஒருவர் போயிருந்த இடைவெளியில் கொலை தொடங்கிவிட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் 2, 4, 6 வயதுக் குழந்தைகள் இருந்தார்கள், ஒரு கர்ப்பிணியும் இருந்தார். உடல்கள் ஆற்றில் போயின. ஃபுகுதாவிலிருந்தும் பக்கத்துத் தனகா கிராமத்திலிருந்தும் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டார்கள். புதிய பேரரசர் வந்ததையொட்டிய பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார்கள்.

இதற்குமேல் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வியாபாரிகள் புராகுமின்கள். தோல், இறந்த விலங்கு, சுடுகாடு என்று ‘தீட்டு’ வேலைகளோடு பிணைக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தனிச் சேரிகளில் வைக்கப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். 1871இலேயே சட்டம் அவர்களை விடுவித்துவிட்டது, ஊர் விடுவிக்கவில்லை. நமக்கு இதை யாரும் அருஞ்சொற்பொருள் போட்டு விளக்க வேண்டியதில்லை. நிலம் இல்லை, உள்ளூரில் வேலை கிடைப்பது அரிது, அதனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றி விற்பது. உயிர் தப்பி ககாவா திரும்பியவர்கள் வாயைத் திறக்கவே இல்லை. கொலையைப் பற்றிப் பேசினால் தாங்கள் யார் என்பதையும் பேச வேண்டிவரும். கொன்ற ஊரும் பேசவில்லை. இரண்டு ஊர்களின் மௌனம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அதற்குப் பிறகு சிபாவிலும் ககாவாவிலும் உள்ளூர் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் தோண்டத் தொடங்கினார்கள். 2003இல் நோதாவில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் நினைவுக்கல் வைத்தார்கள்.

இயக்குநர் தட்சுயா மோரி இந்தச் சம்பவத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது அந்தச் சமயத்தில்தான். தொலைக்காட்சிக்காக எடுக்க முயன்றார், யாரும் தொடவில்லை. கட்டுரையாக எழுதினார். அதைப் படித்த நாட்டுப்புறப் பாடகர் கோரோ நககாவா ஒரு நெடும்பாட்டு கட்டினார். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மூத்த திரைக்கதாசிரியர் ஹருஹிகோ அராய் தனியாக ஒரு படத்துக்குத் திட்டம் போட்டார். கடைசியில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். ஒரு கட்டுரை பாட்டாகி, பாட்டு படமாகி, எழுதியவரிடமே திரும்பி வந்த கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் எதுவும் பணம் போடாததால் மக்களிடம் கேட்டார்கள். 3 கோடி யென்னுக்கு மேல் வந்தது. நிலநடுக்கத்தின் நூறாவது ஆண்டு நாளில், 2023 செப்டம்பர் 1 அன்று, படம் வெளியானது. தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் புதிய இயக்குநர்களுக்கான விருதுகளில் ஒன்று கிடைத்தது. அறுபதைத் தாண்டிய ‘புதிய’ இயக்குநர்! மோரி அதுவரை ஆவணப்படக்காரர். ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழுவினர் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு விட்ட பிறகு, நாடே அந்தப் பெயரைக் கேட்டுக் காறித் துப்பிய நாட்களில், அந்த அமைப்புக்குள்ளே போய் அதன் சாதாரண உறுப்பினர்களைப் படம் பிடித்தவர்.

அந்தப் பழக்கம் இந்தப் படத்திலும் தெரிகிறது. கொலையாளிகளின் வீட்டுக்குள்தான் கேமரா முதலில் போகிறது. யாருக்கு யாரோடு பிணக்கு, எவனுக்கு மனைவி மேல் சந்தேகம், எவன் ராணுவச் சீருடையைப் போட்டுக்கொண்டால் மட்டும் நிமிர்ந்து நடப்பவன் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஜனநாயகம் பற்றி வாய் நிறையப் பேசும் ஊர்த்தலைவர் ஒருவர் வருகிறார். நல்லவர். கூட்டம் கூடிய பிறகு அவர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் ஊராட்சித் தலைவர் ஒருவர் இப்படித்தான் இருப்பார். படத்தின் முதல் முக்கால் பகுதி மெதுவாக நகர்கிறது என்று பலர் குறைபட்டார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. கொல்லப் போகிறவர்களை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துவைத்திருப்பதே ஒரு தண்டனை.

என் தகராறு வேறு இடத்தில்.

படம் தொடங்கி அரை மணி நேரத்தில் எனக்குள் ஒரு எரிச்சல் வந்தது. அந்த ஒரு வாரத்தில் கொல்லப்பட்ட கொரியர்கள் ஆயிரக்கணக்கானோர். அரசின் பேரிடர் குழுவுக்காக வல்லுநர்கள் எழுதிய அறிக்கையே, நிலநடுக்கத்தில் இறந்த மொத்தப் பேரில் ஒன்று முதல் சில சதவீதம் வரை கொலையானவர்கள் என்கிறது. கொரியர் தரப்பு அன்றே எடுத்த கணக்கு ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. சீனத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இத்தனையும் இருக்க, ஜப்பானியத் திரைப்படம் கையில் எடுத்தது ‘தவறுதலாக’ கொல்லப்பட்ட ஒன்பது ஜப்பானியர்களை!

‘கொரியர் என்று தவறாக நினைத்து’ என்ற தொடர் இங்கே 1923 பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப வரும். நாடகக்காரர் கொரேயா செந்தாவின் பெயரே அப்படி வந்தது. செந்தகாயா என்ற பகுதியில் காவல் குழு அவரைக் கொரியர் என்று பிடித்துக்கொண்டது. தப்பியவர் அந்த ஊரையும் ‘கொரியா’வையும் சேர்த்துத் தன் மேடைப் பெயராக்கிக்கொண்டார். அகிரா குரோசாவாவுக்கு அப்போது 13 வயது. அப்பாவின் நீளத் தாடியைப் பார்த்துக் கொரியர் என்று கும்பல் சூழ்ந்துகொண்டதைத் தன் வரலாற்றில் எழுதுகிறார். அதைவிடப் பயங்கரமானது இன்னொன்று. கிணற்றுச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஏதோ கிறுக்கியிருக்கிறது, அது விஷம் கலந்ததற்கான கொரியர்களின் குறி, அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அக்கம்பக்கத்தார் எச்சரித்தார்கள். கிறுக்கியது சிறுவன் குரோசாவாவேதான். சிபாவில் கெமிகாவா என்ற இடத்தில் அகிதா, மியெ, ஒகினாவா என்று மூன்று திசைகளிலிருந்து வந்த மூன்று பேரை, பேச்சு வேறுபட்டதால் கொன்றிருக்கிறார்கள்.

இவையெல்லாம் முக்கியமான சாட்சியங்கள்தான். ஆனால் ‘தவறாக’ என்ற சொல் தனக்குள் ஒரு கணக்கை ஒளித்துவைத்திருக்கிறது. ஒன்பது பேர் தவறு என்றால் மற்றவர்கள் சரியா?

படம் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடும் என்று நினைத்தேன். தவிர்க்கவில்லை. ஆற்றங்கரைக் கோவிலுக்கு முன்னால் கூட்டம் கத்திக்கொண்டிருக்கிறது. இவர்கள் ஜப்பானியர்களாகவும் இருக்கலாம், ஜப்பானியர்களைக் கொன்றுவிட்டால் என்ன ஆவது என்று சிலர் தடுக்கிறார்கள். அப்போது வியாபாரிகளின் தலைவர், எய்தா நகயாமா நடித்த பாத்திரம், கேட்கிறார்: “கொரியன் என்றால் கொல்லலாமா?”

அரங்கில் யாரோ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ‘நான் ஜப்பானியன்’ என்று சொன்னால் போதும். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம்தான் இருக்கிறார்கள். அந்த வாசலுக்குள் அவர் நுழைய மறுக்கிறார். அடுத்த நொடி முதல் அடி விழுகிறது. அடித்தது ஒரு பெண். டோக்கியோவுக்கு வேலைக்குப் போன கணவன் திரும்பி வராததால், கொரியர்கள்தான் கொன்றிருப்பார்கள் என்று நம்புகிறவள். ஊர் முரடர்களில் ஒருவனுக்கு அந்த முதல் அடியைக் கொடுக்காமல் இவளிடம் கொடுத்தது திரைக்கதையின் பெரிய துணிச்சல்.

அன்றிரவு வீட்டுக்குத் திரும்பும்போது எரிச்சல் அடங்கியிருந்தது. இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது, ஆனால் வேறு வடிவில்.

படத்தின் தொடக்கப் பகுதியில் அதே தலைவர் தொழுநோயாளிகள் சிலருக்கு மருந்து விற்கிறார். பயனில்லாத மருந்து, அவருக்கும் தெரியும். எங்களைப் போன்றவர்கள் எங்களைவிட எளியவர்களிடம் பிடுங்கித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது என்று பிறகு கூட இருப்பவர்களிடம் கசப்போடு ஒத்துக்கொள்கிறார். எனக்குப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒடுக்கப்பட்டவன் என்பதற்காக அவரைத் தூய ஆத்மாவாக்கி, மாலை போட்டு உட்கார வைக்கவில்லை. ஏமாற்றுகிறார், பேரம் பேசுகிறார், படகுக்காரரோடு கூலிக்குச் சண்டை பிடிக்கிறார். இப்படிப்பட்ட ஒருவர் வாயிலிருந்து வருவதால்தான் அந்தக் கடைசிக் கேள்விக்கு எடை கூடுகிறது. முந்திய ஆண்டு, 1922 மார்ச் 3 அன்று, கியோத்தோவில் புராகுமின்கள் தங்களுக்கென்று சுயிஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களை இழிவாக அழைக்கும் சொல்லையே கையில் எடுத்து, அதைச் சொல்லிப் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்று முழங்கியது அதன் பிரகடனம். அது இந்த வியாபாரிகளின் கைகளுக்கும் வந்து சேர்ந்திருப்பதாகப் படம் காட்டுகிறது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக மட்டும் இருந்தவர்களுக்குத் திரையில் இவ்வளவு இடம் கிடைத்ததே அபூர்வம்.

இப்போது கொரியர்கள் பக்கம் பாருங்கள். பேசும்படியான கொரியப் பாத்திரம் என்று நினைவில் நிற்பது மிட்டாய் விற்கும் ஒரு சிறுமி. களங்கமில்லாதவள். வியாபாரிகள் அவளிடம் அன்பாக நடந்துகொள்கிறார்கள். பிறகு ஒரு கும்பலிடம் அவள் சிக்குகிறாள், சாவதற்கு முன் தன் பெயரை உரக்கச் சொல்கிறாள். பெயரில்லாத பிணமாக அவளை விடக்கூடாது என்று இயக்குநர் நினைத்திருக்கிறார், அது புரிகிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்வதைத் தவிர அவளுக்குப் படத்தில் வேலை குறைவு. அராதா இயுரா நடித்த ஆசிரியர் பாத்திரம் கொரியாவிலிருந்து ஊர் திரும்பியவர். 1919இல் ஜேயாம்ரி கிராமத்தில் ஜப்பானிய ராணுவம் ஆட்களைத் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொன்று கொளுத்தியபோது மொழிபெயர்ப்பாளராக உடன் இருந்தவர். அந்தக் குற்ற உணர்வில் உள்ளுக்குள் செத்துப்போயிருக்கிறார். இங்கும் ஜேயாம்ரியில் வெந்தவர்களின் முகம் நமக்குக் கிடைப்பதில்லை, அந்த ஜப்பானியரின் வேதனைதான் கிடைக்கிறது.

ஒரு படத்தில் ஒரு மக்களுக்கு இடம் கிடைத்திருக்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவது என் வழக்கமில்லை. அவர்களில் ஒருவனாவது பொய் சொல்கிறானா, கஞ்சனா, பொண்டாட்டியோடு சண்டை போடுகிறானா என்று பார்ப்பேன். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சலுகை தாராளமாகக் கிடைத்திருக்கிறது. மருந்து வியாபாரிகளுக்குக் கிடைத்திருக்கிறது. கொரியர்களுக்கு நல்லவர்களாக இருந்து சாக மட்டுமே அனுமதி.

மோரியின் பக்கமும் நியாயம் உண்டு. அவர் பார்க்க விரும்பியது கொல்பவர்களை. சாதாரண மனிதன் கும்பலாகும்போது என்ன ஆகிறான் என்பதுதான் அவர் வாழ்நாள் கேள்வி. கொரியர்களின் கதையை அவர்கள் வாயால் சொன்ன படம் வேண்டுமென்றால் அது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஜப்பானில் பிறந்த கொரியரான ஓ சுங்கோங் 1983இல் எடுத்த ஆவணப்படத்தில், கொலைக்குத் தப்பிய முதியவர் கேமரா முன்னால் பேசுகிறார். அதற்கு முந்திய ஆண்டு அரகாவா ஆற்றங்கரையில் எலும்புகளைத் தேடி மக்கள் தோண்டியதும் அதில் பதிவாகியிருக்கிறது. எதுவும் கிடைக்கவில்லை. 1923 நவம்பரிலேயே காவல்துறை தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. நூற்றாண்டுப் படத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன். எனக்கே மோரி படத்துக்குப் பிறகுதான் தெரியும்.

பெண் பாத்திரங்களைப் பற்றி ஒரு வரி. உண்மையை எழுதத் துடிக்கும் இளம் பெண் நிருபர் ஒருத்தி வருகிறாள். எந்தக் குற்றச் செய்தி வந்தாலும் ‘இதைச் செய்தது கொரியர்களாக இருக்கலாம்’ என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லும் ஆசிரியரோடு மோதுகிறாள். நல்ல காட்சிகள். ஆனால் படத்தில் படுக்கையறை விவகாரங்கள் தேவைக்கு மேல் இருக்கின்றன. அராய் இளமையில் சிற்றின்பப் படங்களுக்கு எழுதிக் கை பழகியவர். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பு அரசின் பேச்சாளரான அமைச்சரவைத் தலைமைச் செயலர் பத்திரிகையாளர்களிடம், கொரியர் கொலைகள் குறித்து உண்மையை உறுதிசெய்யும் ஆவணங்கள் அரசுக்குள் காணப்படவில்லை என்றார். அரசுக்காக எழுதப்பட்ட மேற்சொன்ன அறிக்கை அப்போது எல்லோரும் படிக்கும்படி இணையத்திலேயே இருந்தது. டோக்கியோ யோகோஅமிச்சோ பூங்காவில் கொரியர்களுக்கான நினைவுக்கல் 1973இல் வைக்கப்பட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அங்கே அஞ்சலி நடக்கும். முன்பிருந்த ஆளுநர்கள் இரங்கல் செய்தி அனுப்புவார்கள். யூரிகோ கொய்கே 2017 முதல் அனுப்புவதில்லை. நிலநடுக்கத்தில் இறந்த அனைவருக்கும் சேர்த்து அஞ்சலி செலுத்துவதாக அவர் சொல்கிறார். வீடு இடிந்து செத்தவனும் அண்டைவீட்டான் ஈட்டியால் செத்தவனும் அந்த ‘அனைவரு’க்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். இந்தச் சூழலில் வெளிவந்த படம், ஜப்பான் அகாடமி விருதின் சிறந்த படப் பட்டியலில் காட்ஸில்லாவோடு போட்டியிட்டது. விருது காட்ஸில்லாவுக்குப் போனது. அது பரவாயில்லை, பட்டியலுக்குள் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரகாவா கரைக்குப் போனேன். என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம்தான். ஐந்து வருடமாக அந்தக் கரையில் ஓடப் போகிறேன், ஒருநாளும் தெரிந்ததில்லை. 1923இல் அந்த ஆற்றுக்கால்வாயே வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது, மண் சுமந்தவர்களில் கொரியர்கள் நிறைய. பழைய யோத்சுகி பாலம் இருந்த இடத்துக்கு அருகே, கரையை விட்டு இறங்கினால், வீடுகளுக்கு நடுவில் ஒரு சிறிய மனையில் நினைவுக்கல் நிற்கிறது. 2009இல் அந்தப் பகுதி மக்கள் பணம் போட்டு வைத்தது. அதைப் பராமரிக்கும் குழுவின் பெயர் ‘ஹோசென்கா’. என்ன பூ என்று கைபேசியில் தேடினேன். நம் காசித்தும்பை. கொரியர்களுக்கு அது அடிமைக் காலத்துப் பாட்டில் வரும் பூ. எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்தக் காயைத் தொட்டு வெடிக்க வைப்பது எனக்கும் தங்கைக்கும் விளையாட்டு. மேலே கரையில் பையன்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சென்செய்யிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிபாவில் பிறந்தவர். பள்ளியில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை என்றார். அவருடைய பாட்டி ‘பூகம்பத்தின்போது’ என்று எதையோ தொடங்கி, பிறகு நிறுத்திவிடுவாராம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ககாவா பேச்சு உங்களுக்குப் புரிந்ததா?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரையரங்கில் ஊர்க்காரர்கள் பேசியதும் வியாபாரிகள் பேசியதும் எனக்கு ஒன்று போலத்தான் கேட்டன. இரண்டிலும் பாதிதான் புரிந்தது. எது எந்த ஊர்ப் பேச்சு என்று ஒரு இடத்தில்கூடப் பிரித்தறியவில்லை. சட்டை, மூட்டை, முகம் இவற்றை வைத்துத்தான் யார் யாரென்று தெரிந்துகொண்டேன்.

சென்செய் ஒரு காகிதத்தில் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாக எழுதினார். ‘அதனால்’ என்பதற்குக் கிழக்கே ‘கரா’, அங்கே ‘கென்’. இரண்டையும் வாசித்துக் காட்டினார். இப்போது கேட்டது. அந்தக் கொரியப் பெண் தனக்கு முதலிலேயே கேட்டதாகச் சொன்னாள். எனக்காக இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார்.